காலையில் புளிக்கும் இலை

வணக்கம் ஐயா,

ஏப்ரலில் என் மகள் ஊட்டியிலிருந்து தடித்த, சதைப்பற்றான இலை கொண்ட ஐந்து எச்செவேரியா செடிகள் வாங்கி வந்தாள். சென்னையில் எங்கள் வீட்டு பால்கனியில் வைத்தேன். வாரம் ஒரு தடவைதான் தண்ணீர். மே முடிவதற்குள் நான்கு அழுகிவிட்டன. மகளிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வறட்சியைத் தாங்கும் செடி சென்னையைத் தாங்காதா? இவை இரவில்தான் சுவாசிக்கும் என்று படித்தேன். அப்படியென்றால் தண்ணீரையும் இரவில் ஊற்ற வேண்டுமா? படுக்கையறையில் பாம்புக் கற்றாழை வைத்தால் இரவெல்லாம் ஆக்ஸிஜன் வரும் என்கிறார்களே, உண்மையா? படித்தவற்றின் இணைப்புகளைக் கீழே தந்திருக்கிறேன். எதுவும் கேட்காமல் பொறுமையாக இருக்கும் இச்செடிகளிடம் நாம் கற்க வேண்டியது நிறைய.

ச.

அன்புள்ள ச.,

பாம்புக் கற்றாழையை முதலில் முடித்துவிடுகிறேன். இரவில் அது கரியமில வாயுவை உள்ளே எடுக்கும், அவ்வளவுதான். ஆக்ஸிஜன் தண்ணீரைப் பிளப்பதில் வருவது, அதற்கு வெளிச்சம் வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும். இரவில் தண்ணீர் ஊற்றும் யோசனையும் வேண்டாம். இரவில் திறப்பது இலைத்துளை. வேருக்கும் அதற்கும் என்ன? மண் காய்ந்தால் ஊற்றுங்கள்.

அழுகலுக்கு வருகிறேன். வறண்ட நிலம் என்றாலே நமக்குப் பகல் வெயில்தான் ஞாபகம் வரும். எச்செவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைகளில் வளர்வது. அதன் பிழைப்பு முழுக்க இரவில். பகலில் துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் என்று மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் திறந்து, உள்ளே வரும் வாயுவை மாலிக் அமிலமாக்கி ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் நீர்ப்பையில் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைத் திரும்பப் பிரித்து, வெளிச்சத்தில் சர்க்கரை செய்கிறது. ஒரு கிராம் கரியமில வாயுவை எடுக்க நெல் போன்ற பயிர் 400 முதல் 500 கிராம் வரை தண்ணீரை இழக்கும். இவ்வகைச் செடிகள் 50 முதல் 100 கிராமில் காரியத்தை முடித்துவிடும். ஆனால் இரவு புழுக்கமாக இருந்தால் அமிலம் சரியாகச் சேராது. மின்விசிறிக்குக் கீழே நமக்கே தூக்கம் வராத மே மாத இரவில் அது என்ன செய்யும்? போதாக்குறைக்கு நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் கோகோபீட், ஈரத்தைப் பிடித்து வைக்கும் தேங்காய் நார்த்தூள். அதில் வாரம் ஒரு தடவை என்பதே அதிகம்.

இதை ஊகமாகத்தான் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஏழு இணைப்புகள் இருக்கின்றன, செடியைப் பற்றி ஒரு வரி இல்லை. அழுகல் அடித்தண்டில் தொடங்கியதா, இலை நுனியிலா? இலை கறுத்ததா, கண்ணாடி போல ஆனதா? தொட்டுப் பார்த்தீர்களா? எனக்குக் கோபம் இதில்தான்.

கடிதம் எழுதுவது என்றால் பெஞ்சமின் ஹைனே எழுதியது போல எழுத வேண்டும். ஜெர்மானியர். மொரேவியன் என்ற கிறிஸ்தவ மிஷனரி சபையோடு தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்தவர். 1819-ல் சென்னையில் இறந்தார். லண்டனில் இயற்கை ஆய்வாளர்கள் கூடும் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815-ல் அவருடைய கடிதம் ஒன்று வெளியானது. விஷயம் மிகச் சின்னது. நம் ரணகள்ளி இருக்கிறதே, அதன் இலை காலையில் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் ருசியே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது. அந்த மனிதர் ஒரே செடியின் இலையை மூன்று வேளையும் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார்! மாலிக் அமிலம், செல், நீர்ப்பை என்று நான் மேலே அளந்ததெல்லாம் பிற்பாடு வந்த விளக்கம். முதல் கருவி அவருடைய நாக்கு.

என் அப்பத்தாவுக்கும் அப்படி ஒரு நாக்கு இருந்தது. கோடையில் கிணற்றடிக்கு அப்பால் காய்ந்த வரப்பில் பருப்புக்கீரை படர்ந்திருக்கும். விடிகாலையில் நான் பறிக்கப் போனால் திட்டுவார்: "வெள்ளனப் பறிச்சா புளிக்கும்டா, பொழுது சாயட்டும்." மழைக்காலத்தில் அவர் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. பல வருஷம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. தண்ணீர் கிடைக்கும்வரை பருப்புக்கீரை பகலில்தான் வாயுவை எடுக்கும். மண் காய்ந்தால் இந்த இரவு வேலையையும் சேர்த்துக்கொள்ளும். ராத்திரி சேர்ந்த அமிலம் விடிகாலையில் இலையில் அப்படியே இருக்கும். பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். அப்பத்தா எந்த இணைப்பையும் படித்தவரில்லை. சட்டியில் வெந்த கீரையை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர்.

அந்தப் 'பொறுமை'யையும் விட்டுவிடுங்கள். வறட்சி முற்றினால் கள்ளிச்செடிகள் இரவிலும் துளையைத் திறப்பதில்லை. தான் மூச்சு விட்ட வாயுவையே திரும்பத் திரும்ப எடுத்து உயிரைப் பிடித்து வைத்திருக்கும். வளராது. அதைப் பட்டினி என்று சொல்லுங்கள். எதுவும் கேட்கவில்லை என்று நாம் நினைப்பது நம் வசதிக்கு.

கடிந்து பேசிவிட்டேன். செடி செத்ததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் கொன்றது இருபதுக்கு மேல் இருக்கும். மகளிடம் சொல்லுங்கள், அவளும் இரண்டு கொன்றிருப்பாள். மிச்சமிருக்கும் ஒன்றை அந்தக் கோகோபீட்டிலிருந்து எடுத்து, மணலும் செங்கல் பொடியும் கலந்த மண்ணில் வைத்து, காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் ஒரு ரணகள்ளி வளருங்கள். இன்று காலை ஆறு மணிக்கு மாடியில் என் செடியில் நகக்கண் அளவு கிள்ளிக் கடித்தேன். பல் கூசியது. மதியம் ஒரு மணிக்குக் கடித்தது பச்சைத் தண்ணீர் போல இருந்தது. நீங்களும் கடித்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம், அளவு மீறினால் இதயத்துக்கு ஆகாது. பால் வடியும் கள்ளிகளின் பக்கமே நாக்கைக் கொண்டு போகாதீர்கள்.

செடி கிடைக்காவிட்டால் முகவரி அனுப்புங்கள். ஒரு இலையைக் கவரில் வைத்துத் தபாலில் போடுகிறேன். எங்கள் ஊரில் அதற்கு 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றுதான் பெயர். தண்ணீரும் மண்ணும் இல்லாமலே, தபால்காரர் உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் இலை ஓரத்தில் இரண்டு குட்டியாவது எட்டிப் பார்க்கும்.