தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: வாய்க்கால் தகராறில் என் தம்பி, பெரியப்பா மகனின் கையில் மண்வெட்டியால் வெட்டிவிட்டான். லேசான காயம்தான். பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 118(1) பிரிவில், ஆயுதத்தால் காயப்படுத்தியதாக வழக்கு. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவாகிப் பத்து நாள் ஆகிறது. இரு வீட்டாரும் இப்போது சமாதானமாகிவிட்டோம். 'பிளீ பார்கெயினிங்', அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கக் கேட்கும் பேரத்துக்கு மனு போட்டால் தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். தம்பி அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். சம்மதிக்கலாமா?

பதில்: முதலில் நாளை எண்ணுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றச்சாட்டு பதிவான 30 நாளுக்குள் இந்த மனுவைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இருபது நாள்தான் மிச்சம்.

தம்பிமீது இது முதல் வழக்கு என்றால், உச்சத் தண்டனையான மூன்று ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஆறு மாதம் விதிக்கலாம். ரிமாண்டில் இருந்த நாள்கள் அதில் கழியும். ஒழுங்காக நடப்பதாக உறுதி பெற்று, நன்னடத்தைச் சட்டப்படி சிறையின்றியும் விடலாம். ஆனால், எப்படி முடிந்தாலும் அவன் குற்றவாளி என்றுதான் தீர்ப்பு வரும். வழக்கமான மேல்முறையீடும் கிடையாது. வேலைக்கான விண்ணப்பத்தில் 'தண்டிக்கப்பட்டதுண்டா?' என்ற கட்டம் வரும்போது மறைக்க முடியாது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, அந்தச் சட்டப்படி விடப்பட்டவருக்குத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது; அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

ஆயுதக் காயம் என்பதால் கீழ் நீதிமன்றத்தில் ராஜி செய்துகொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால், இதுபோன்ற குடும்பத் தகராறுகளைச் சமாதானத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். ரத்தானால் தண்டனை என்ற பேச்சே இல்லை. நான் அதைத்தான் முதலில் முயல்வேன்.

அது கைகூடாவிட்டால்தான் பேரம். அப்போது நீதிபதி மூடிய அறையில், எதிர்த்தரப்பு இல்லாமல், தம்பியிடம் 'நீயாக விரும்பித்தான் கேட்கிறாயா?' என்று விசாரிப்பார். யாராவது வற்புறுத்தியிருந்தால் அங்கே தயங்காமல் சொல்லட்டும்.

இந்த முறை 2006 ஜூலை 5 முதல் இருக்கிறது. ஆனாலும் கூண்டில் நிற்பவருக்கு இப்படி ஒரு வழி உண்டென்றே தெரிவதில்லை. தெரியவரும்போது கெடு கடந்திருக்கும். நீதிபதி இதை விளக்கிச் சொன்ன நாளிலிருந்துதான் 30 நாள் ஓட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். வக்கீல் வைக்க வழியில்லாத ஏழைக்கு இந்தக் கெடு பெரிய அநியாயம்.

இன்னொரு வக்கீலின் கருத்தையும் கேளுங்கள். கட்டணமில்லாச் சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.