மூட்டுவலி போனது, முகம் ஏன் உப்புகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. முட்டி வலிக்கு இரவுச் சந்தையில் 45 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு ஜாமு (மலாய் மூலிகை மருந்து) கேப்சூல் வாங்கினார். டப்பாவில் 'முழுக்க மூலிகை' என்று போட்டிருக்கிறது. இரண்டே நாளில் மாடிப்படி ஏறினார். மூன்று மாதமாகத் தினமும் சாப்பிடுகிறார். இப்போது முகம் வட்டமாக உப்பியிருக்கிறது, லேசாக இடித்தாலும் கை கன்றிப்போகிறது. மருந்தை நிறுத்திவிடலாமா?
- வாசகி, கிள்ளான்

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றே டப்பாவோடு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வருடக்கணக்கில் தேய்ந்த முட்டியை எந்த மூலிகையும் இரண்டு நாளில் சரியாக்காது. அந்த வேகமும் உப்பிய முகமும் சேர்ந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும். இங்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்படிப்பட்ட மருந்துகளில் பலமுறை பிடிபட்டது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. உடலில் இயற்கையாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைவிட அது சுமார் 25 மடங்கு வலுவானது. வீக்கத்தை அடக்கும், தேய்ந்த முட்டியைச் சரிசெய்யாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும்.

சரி, ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது? சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. மாத்திரையில் ஸ்டீராய்டு தினமும் வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பி வேலையை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் உடலுக்கு இரண்டும் இல்லை. வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, தேவையானால் வேறு ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்.

டப்பாவில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் எண் 'டி' (T) எழுத்தில் முடியும். எண் இருந்தால் மட்டும் போதாது, வேறு மருந்தின் எண்ணைத் திருடியும் அச்சடிப்பார்கள். மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் (NPRA) இணையதளத்தில் எண்ணைப் போட்டு, அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினாலும் இதே கதைதான். அமெரிக்காவில் மூட்டுக்கான சத்து மாத்திரையாக விற்ற 'ஆர்ட்ரி கிங்'கில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருந்ததை 2022-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கண்டுபிடித்தது.

மிச்சக் கேப்சூல்களைக் குப்பையில் போடாதீர்கள். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கும்போது தேவைப்படும். அப்புறம், மருந்து நல்லா கேட்கிறதென்று அம்மா யாருக்காவது வாங்கிக் கொடுத்தாரா என்றும் விசாரியுங்கள். அவர்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.