மிஞ்சும் பைசா யாருடையது?

வணக்கம் ஐயா,

நான் வணிகவியல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்கு வந்தவன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புச் செலவை வீடுகளின் பரப்பளவுக்கு ஏற்பப் பங்கிட ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். பங்குகளைக் கூட்டினால் மொத்தத் தொகையோடு சில பைசா இடிக்கிறது. "வித்தியாசத்தைக் கடைசி வீட்டின் கணக்கில் போட்டுவிடு" என்கிறார் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர். கணிதம் படித்த நண்பரோ, அப்படி விடக்கூடாது என்கிறார். படித்த நுண்கணிதம் எதுவும் இந்த வேலையில் எனக்கு உதவியதில்லை. நிரல் எழுதுபவனுக்குக் கணிதம் உண்மையிலேயே வேண்டுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் பக்கம்தான் நான். நுண்கணிதம் உங்களுக்கு இனியும் தேவைப்படாமலே போகலாம். ஆனால் அந்தச் சில பைசா எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரை வளரும், யார் தலையில் விழ வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அங்கேயே கணிதம் தொடங்கிவிடுகிறது.

தொகையை ரூபாயாக, தசமப் புள்ளியோடு வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கணினி 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரும எண்களில் கணக்கிடுகிறது. இரண்டின் எந்த அடுக்கையும் ஐந்தால் மீதியின்றி வகுக்க முடியாது என்பதால், பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முடிவுள்ள பின்னமாக எழுத வழியில்லை. பல நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான். நம் பழைய பின்ன வாய்பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. பத்தில் ஒன்று அங்கே இருமா; முந்திரி 320-இல் ஒன்று, ஆக இருமா என்பது சரியாக 32 முந்திரி. 320-க்குள் ஐந்து இருப்பதால் கணக்கு பிசகுவதில்லை. நீங்களும் எல்லாத் தொகையையும் பைசாவாக, முழு எண்ணாக மாற்றிவிடுங்கள். முதலில் தொகையை வீட்டின் பரப்பளவால் பெருக்குங்கள், பிறகு மொத்தப் பரப்பளவால் வகுங்கள்.

வகுத்த பிறகும் மீதி இருக்கும். 1000 ரூபாயை ஏழு சம வீடுகளுக்குப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு 14285 பைசாவும் கொஞ்சமும் வரும். அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் மொத்தத்தில் இரண்டு பைசா கூடுகிறது. பின்னத்தை வெட்டினால் ஐந்து பைசா குறைகிறது. நான் வெட்டச் சொல்வேன், ஏனென்றால் வெட்டும்போது எல்லையை நிறுவ முடிகிறது. ஒவ்வொரு வீட்டிலும் வெட்டப்படுவது ஒரு பைசாவுக்கும் குறைவு. ஆகவே மொத்த மீதி, வீடுகளின் எண்ணிக்கையை எட்டவே முடியாது. மொத்தத் தொகை முழு எண். வெட்டிய பங்குகளும் முழு எண்கள். எனவே மீதியும் முழு எண். எந்த வீட்டுக்கும் ஒரு பைசாவுக்கு மேல் ஏற்ற வேண்டிய அவசியம் எந்த மாதமும் வராது. நான்கு வரி நிரூபணம் இது. ஏழு வீட்டுக்கும் எழுநூறு வீட்டுக்கும் செல்லும். நிரலாளருக்கு வேண்டிய கணிதம் எது என்று கேட்டால் இந்த நான்கு வரிகளைத்தான் காட்டுவேன்.

கடைசி வீட்டின் மேல் போடுவதை நான் ஏற்காததற்குக் காரணம், பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்வது. கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை 1982-இல் 1000 என்று தொடங்கிய குறியீட்டெண்ணை ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசம இடங்களுக்குப் பின் வெட்டிக்கொண்டே வந்தது. 1983 நவம்பரில் அது 520-ஐ ஒட்டிக் கிடந்தது; திருத்திக் கணக்கிட்டபோது 1098-ஐத் தாண்டியிருந்தது. உங்கள் பைசா அப்படிப் பெருகாது. ஆனாலும் கடைசி வீட்டுக்காரர் ஏன் சுமக்க வேண்டும்? பட்டியலில் கடைசியில் இருப்பது அவர் செய்த குற்றமா?

வெட்டப்பட்ட பின்னம் எந்த வீட்டுக்கு அதிகமோ அதற்கு முதல் பைசா, அடுத்ததற்கு அடுத்த பைசா என்று கொடுப்பது பழைய முறை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட, அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பரிந்துரைத்தது இதைத்தான். பார்க்க முழு நியாயம். ஆனால் 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து இடங்களைப் பங்கிட்டுப் பார்த்தபோது ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. மொத்தம் 299 இடங்கள் என்றால் அலபாமா மாநிலத்துக்கு 8. 300 என்றால் 7. பங்கிட வேண்டியது கூடியபோது ஒருவர் பங்கு குறைந்தது! பின்னாளில் மிஷேல் பலின்ஸ்கி, பெய்டன் யங் என்ற இரு ஆய்வாளர்களும் இன்னும் ஆழமாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை ஒட்டிய முழு எண்ணே கிடைக்க வேண்டும்; மக்கள்தொகை மாறும்போது வளர்கிற மாநிலத்திடமிருந்து தேய்கிற மாநிலத்துக்கு இடம் போகக்கூடாது. இவ்விரண்டையும் எப்போதும் ஒருசேரக் காக்கும் முறை இருக்கவே முடியாது என்று நிறுவினார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. பங்கீட்டுச் சண்டைகளில் எத்தனையோ, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் எண்களின் இயல்பாலேயே பிறந்திருக்கக்கூடும் அல்லவா?

உங்கள் குடியிருப்புக்கு ஹாமில்டன் முறை போதும். பின்னங்கள் சமமாக வந்தால் மட்டும், கூடுதல் பைசாவை ஏற்கும் வீட்டை மாதந்தோறும் சுழற்சியில் மாற்றுங்கள். விதியை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். அடுத்து, மொத்தத் தொகையைப் பைசா பைசாவாக ஏற்றி நிரலை ஓட்டிப் பாருங்கள். கூட்டல் ஒவ்வொரு முறையும் பொருந்த வேண்டும். வழியில் எந்த வீட்டின் பங்காவது ஒரு பைசா குறைந்தால், அந்தத் தொகையையும் வீடுகளின் பரப்பளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.