முழங்கால் அடி: கையால் சோதிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஓடித் திரும்பும்போது முட்டியில் 'டொப்' என்று சத்தம். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. ஜவ்வு கிழிந்திருக்குமா, டாக்டர்?

பதில்: இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். முதல் சந்தேகம் ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் முன்பக்கக் குறுக்கு ஜவ்வு) மேல்தான். மெனிஸ்கஸ் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) மட்டும் கிழிந்தால் பெரும்பாலும் மறுநாள்தான் மெல்ல வீங்கும். லாக்மேன் டெஸ்ட் செய்து பார்ப்போம்: முட்டியை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடை எலும்பை அசையாமல் பிடித்து, மறுகையால் கீழ்க்கால் எலும்பை முன்னே இழுப்பது. நல்ல ஜவ்வு 'டக்'கென்று நிறுத்தும். அறுந்ததில் அந்த நிறுத்தம் இருக்காது. அடிபடாத காலை முதலில் சோதிக்க வேண்டும். சிலருக்கு இயல்பிலேயே மூட்டு தளர்வு.

கேள்வி: பிசியோ மாணவன் சார். 90 டிகிரியில் இழுக்கும் டிராயர் டெஸ்ட் போதாதா?

பதில்: புது அடியில் போதாது தம்பி. வீங்கிய முட்டி அவ்வளவு மடங்காது. மடங்கினாலும் பின்தொடைத் தசை வலியில் இறுகி எலும்பை முன்னே விடாது.

கேள்வி: நான் டிராயர் செய்தபோது எலும்பு நன்றாகவே முன்னே வந்ததே!

பதில்: இழுக்கும் முன் பக்கவாட்டில் குனிந்து பார்த்தீர்களா? பி.சி.எல். (பின்பக்கக் குறுக்கு ஜவ்வு) அறுந்திருந்தால் எலும்பு ஏற்கெனவே பின்னே சரிந்து கிடக்கும். நீங்கள் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டு ஏ.சி.எல். போச்சு என்பீர்கள். நல்ல காலையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: அந்த மாணவருக்காக நான் பேசுகிறேன். என் கை சின்னது. பருத்த தொடையில் லாக்மேன் பிடியே சிக்குவதில்லை.

பதில்: இது நியாயமான புகார். உங்கள் முட்டியை நோயாளியின் தொடைக்கு அடியில் கொடுத்து, மேலிருந்து அழுத்திப் பிடியுங்கள். அதற்காக டிராயருக்கு ஓடாதீர்கள்.

கேள்வி: முட்டியை மடக்கித் திருகி நீட்டும் மெக்மரே டெஸ்டில் 'கிளிக்' இல்லை. மெனிஸ்கஸ் நலமா?

பதில்: அப்படி முடிவு கட்ட முடியாது. மூட்டு இடுக்கில் விரல் வைத்தால் வலிக்கிறதா?

கேள்வி: எம்.ஆர்.ஐ. இருக்க இதெல்லாம் எதற்கு?

பதில்: எதைத் தேடுகிறோம் என்று தெரிய.

கேள்வி: எக்ஸ்ரே?

பதில்: வயது 55 அல்லது அதற்கு மேல், நான்கு காலடி நடக்க முடியவில்லை, 90 டிகிரி மடக்க முடியவில்லை, முட்டிச் சில்லில் மட்டும் அல்லது ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) தலையில் அழுத்தினால் வலி. ஒன்று இருந்தாலும் எடுங்கள்.

கேள்வி: வீடியோ பார்த்து வீட்டிலேயே இழுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: மெதுவாக இழுத்தால்?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: காலை நேராகத் தூக்கவே முடியவில்லை டாக்டர்.

பதில்: இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். முட்டிச் சில்லோ, அதன் மேலோ கீழோ உள்ள தசைநாரோ போயிருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.