வசனம் கேட்கவில்லை, கீழ்வீட்டிலோ அதிர்கிறது: என் யோசனை

வணக்கம். வேலை முடிந்து சனிக்கிழமை இரவில்தான் படம் பார்க்க அமர்கிறீர்கள் என்றும், வசனத்துக்காக ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் கீழ்வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் ஷிப்டு வேலைக்காரன்தான். ஊர் உறங்கும் நேரமே நமக்குப் படம் பார்க்கும் நேரம்.

5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர்கள், அடித்தொனிக்கென ஒரு சப்வூஃபர்) வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்தே வருவதால், மொத்த ஒலியைக் கூட்டாமல், ஸ்பீக்கர்களை இயக்கும் கருவியான ரிசீவரில் அந்த ஒன்றை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்கள். அது டிவி அலமாரிக்குள் தள்ளி வைக்கப்பட்டிருந்தால், விளிம்புவரை முன்னே இழுத்து, முகப்பு உங்கள் காதை நோக்குமாறு சற்றே சாய்த்து வையுங்கள். இதைச் செய்து பார்க்காமலே புது ஸ்பீக்கர் வாங்குபவர்கள் உண்டு. 'நைட் மோட்' இருந்தால் அதையும் இயக்குங்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும்.

சப்வூஃபர் மூலையில் இருந்தால் சுவர்களும் தரையும் சேர்ந்து பாஸ் எனும் அடித்தொனியைப் பெருக்கும் என்பதால், அதை அங்கிருந்து நகர்த்தி அளவையும் குறையுங்கள். அடியில் போடும் ரப்பர் பாய், பெட்டியின் அதிர்வு தரைக்குப் போவதைக் குறைக்குமே தவிர, காற்றுவழி பரவும் பாஸை நிறுத்தாது. ஒரு ஞாயிறு மாலை, சண்டைக் காட்சியை ஓடவிட்டு, கீழ்வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் கூடத்தில் நின்று கேட்டு, அதிர்வு அடங்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.