புதுச்சேரியில் ஒருவரை 'சொல்தா' என்பது மரியாதையா, ஏளனமா?

கடலூரிலிருந்து குடிவந்து, மாடி வீட்டுப் பெரியவரைத் தெருவே 'சொல்தா' என்பதைக் கேட்டுவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டுமாக இருந்திருக்கிறது, என் வீட்டிலேயே.

சொல் பிரெஞ்சு, பொருள் சிப்பாய். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா), அல்ஜீரியா என்று போய்வந்த நம்மூர்க்காரர்களுக்கு அதுவே பெயராக நின்றுவிட்டது. என் தாத்தாவின் அண்ணனை நாங்கள் 'சொல்தா தாத்தா' என்றே கூப்பிட்டோம். அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே தபால்காரர் கொண்டுவந்த உறையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

ஏழாவது படிக்கும்போது வாத்தியார், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதா என்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பைப் பாடம் எடுத்தார். 1954 அக்டோபர் 18. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அந்த எட்டுல ஒண்ணு இவங்க சொல்தா தாத்தா சார்" என்றான். வகுப்பே சிரித்தது. அவனை அடித்துவிட்டேன், பீரியட் முடியும்வரை முட்டி போட்டேன். வீட்டில் கொஞ்சிக் கூப்பிடும் சொல்லுக்கு வெளியே 'வெள்ளைக்காரன் ஆள்' என்று பொருள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அவரிடமே போய், "நீங்க யார் பக்கம் தாத்தா?" என்று கேட்டேன்.

"நான் அப்ப சைகோன்ல இருந்தேன்டா. எந்தப் பக்கம்னு என்னை யாரு கேட்டா?" என்றார். பிறகு ரேடியோவைத் திருக ஆரம்பித்துவிட்டார்.

புதுச்சேரியை இந்தியாவிடம் பிரான்சு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க 6 மாத அவகாசம் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். தம்பியான என் தாத்தா கொடுக்கவில்லை. ஒரே கூரையில் இரண்டு நாடு. அதனால் அவர்களுக்குள் சண்டை வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதைப் படித்துவிட்டு 'பிரெஞ்சு அடிவருடி' என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: அந்தத் தம்பிதான் இணைப்பு ஊர்வலங்களில் கொடி பிடித்துப் போனவர். காலனி ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மொழியியல் படித்தவனும் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அதே சொல் தலைகீழானது. தரகர் போகும் இடமெல்லாம் "சொல்தா குடும்பம்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். பிரான்சு பென்ஷன் வரும் வீடு, பாஸ்போர்ட் இருக்கும் வீடு என்று அர்த்தம். சொல்தா தாத்தா காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லாதவர், பென்ஷனும் அவரோடு போனது. எங்களிடம் இருந்தது அவருடைய மெடல் மட்டும்தான். அது தெரிந்ததும் இரண்டு சம்பந்தம் நின்றுபோனது. பள்ளியில் பட்டதைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது.

'தோழர்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். இந்த ஊரில் 1936 ஜூலை 30-இல் துப்பாக்கிச் சூட்டில் மில் தொழிலாளர்கள் 12 பேர் செத்திருக்கிறார்கள். மில் வேலையில் இருந்த என் அப்பா ஒருவரைத் தோழர் என்று கூப்பிட்டால் அதில் அந்த ரத்தத்தின் நினைப்பு இருக்கும். இன்று டீக்கடையில் கடன் கேட்பவனை "வாங்க தோழர்" என்று நக்கலடிக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006 அக்டோபரிலேயே இந்த ஊர் பெயர் புதுச்சேரி என்று சட்டப்படி மாறிவிட்டது. வெளியூர்க்காரர்கள் 'பாண்டி' என்று சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, நாங்களும் சொல்வோம். ஆனால் "பாண்டி போறோம்" என்றாலே குடிக்கப் போகிறோம் என்று பொருளாக்கி வைத்திருக்கிறீர்களே, இங்கே பிள்ளை குட்டியோடு வாழ்கிறவர்களுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும்?

மாடி வீட்டுக்காரரை 'ஐயா' என்றே கூப்பிடுங்கள். அவர் தன்னைத் தானே சொல்தா என்று சொல்லிக்கொண்டால், எந்த ஊரில் இருந்தார் என்று கேளுங்கள். என் தாத்தாவிடம் அதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன், அதுவும் கோபத்தில்.