சவர்க்காரக் குமிழியைப் படம் எடுத்தால் ஏன் நிறம் விழுவதில்லை?

யாழ்ப்பாணத்தில் சவர்க்காரக் குமிழியைப் படம் எடுக்கப் பார்த்த ஒருவர் இரண்டு குறை சொல்லிக் கேட்கிறார்: குமிழி உடனே உடையுது, படத்தில் நிறம் இல்லாமல் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரியுது.

முதலாவதுக்குப் பெரும்பாலும் கிணத்துத் தண்ணிதான் காரணம். யாழ்ப்பாணத்தில் நிலத்தடி சுண்ணாம்புக்கல், தண்ணி கடினம். குமிழியின் தோல் பலவீனமாகும். மழைத்தண்ணி அல்லது போத்தல் தண்ணி 200 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவுற திரவம் 30, பார்மசியில் வாங்கிற கிளிசரின் 15. நுரைக்காமல் மெதுவாகக் கலக்கி ஒரு இரவு வையுங்கோ. மேலே நுரை நின்றால் கரண்டியால் அள்ளிவிடுங்கோ. அதுதான் படத்தில் பொட்டுப் பொட்டாக விழும். ஃபேனை நிறுத்துங்கோ. சோளகக் காற்று (தென்மேல் காற்று) வீசும் நாளில் யன்னலையும் சாத்துங்கோ.

நிறம் வெளிச்சத்தின் பிரச்சினை. குமிழி கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைத்தான் காட்டும். சின்ன பல்ப் என்றால் சின்னப் புள்ளி. ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, அதுக்குப் பின்னால் லைட் வையுங்கோ. ஈரமாக்கிய தட்டில் ஸ்ட்ரோவால் ஊதி அரைக்கோளமாக்கி, வேட்டியின் பிரதிபலிப்பு அதில் விழும் கோணத்தில் கமராவை வைக்கவேணும். குமிழிக்குப் பின்னால் ஒரு மீற்றர் தள்ளிக் கறுப்புத் துணி.

கமராவில் லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/125 செக்கன், ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 இல் தொடங்கலாம். போக்கஸை ஓட்டோவில் விடாமல் கையால் சரிசெய்யுங்கோ. ஃபோன் என்றால் குமிழியில் தொட்டுப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கோ.

திரவம் கீழே வடிய வடிய உச்சி மெலியும். இளஞ்சிவப்பும் பச்சையும் பட்டைகளாக இறங்கும், அந்த நேரம்தான் வடிவு, விடாமல் எடுங்கோ. உச்சி வெளுத்துக் கறுத்தால் அங்கே தோல் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மெல்லிசாகிவிட்டது, உடையப்போகுது.